'முன்பு – பின்பு' படங்களுக்கு வயது இருநூறுக்கும் மேல்

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீயைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஓசூர்ப் பக்கம் யார் கைபேசியைத் திறந்தாலும் இப்போது இந்த ஜோடிப் படங்கள் வருகின்றன. இடது பக்கம் ஒரு கார். மேலெல்லாம் செம்மண், பானெட்டில் காக்கை எச்சம், கதவில் வட்ட வட்டமாய்க் கீறல். அடியில் 'பிஃபோர்' என்று எழுதியிருக்கும். வலது பக்கம் அதே கார். மேலே எரிகிற டியூப்லைட்டை எண்ணிவிடலாம் போல அப்படி ஒரு பளபளப்பு. அடியில் 'ஆஃப்டர்'. ஒரு தொலைபேசி எண், 'செராமிக் கோட்டிங் ஆஃபர்', இரண்டு தீப்பிழம்பு பொம்மை. நம் காலத்தில் இதற்கு 'வாட்டர் சர்வீஸ்' என்று ஒரே பெயர்தான். இப்போது 'டீடெய்லிங்' என்கிறார்கள். இரண்டும் ஒரே வேலை இல்லை என்று பையன்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தத் தொழில் நம் பக்கம் செழிப்பதில் ஆச்சரியம் இல்லை. 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இரவு பகலாக லாரி. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரிப் புழுதி. சிப்காட்டில் ஷிப்ட் முடியும்வரை வெயிலில் நிற்கிற வண்டிகள். டி.என். 70 என்ற பலகைக்குச் சமமாக கே.ஏ. 51 பலகையும் ஓடுகிற ஊர் இது. ஜூஜுவாடி தாண்டினால் பெங்களூர் விலை, இந்தப் பக்கம் ஓசூர் விலை என்பதால் அங்கிருந்து வண்டியைக் கொண்டுவந்து இங்கே பாலிஷ் போடுகிறவர்களும் உண்டு. போதாததற்கு ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். அதில் கழுவி வெயிலில் காயவிட்டால் பெயிண்ட் முழுக்க வெள்ளைப் புள்ளி.

அந்தப் படங்களைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குக் காரைவிட அந்த ஜோடியின்மேல்தான் கண் போகிறது. ஒரே பொருளின் இரண்டு நிலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் நடந்தது முழுக்க என் கைவேலை என்று சொல்வது. இதை முதலில் தொழிலாகச் செய்தவர் யார் என்று தேடிப் போனேன். புகைப்படம் பிறப்பதற்கு ஐம்பது வருடம் முன்னால் போய் நின்றேன்.

இங்கிலாந்தில் ஹம்ஃப்ரி ரெப்டன் என்று ஒருவர். பிறந்தது 1752. வியாபாரம் செய்தார், ஓடவில்லை. 1788-ல், 36 வயதில், 'நிலத் தோட்டக்காரர்' என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டு புதுத் தொழில் தொடங்கினார். பெரிய பண்ணை வீட்டுக்காரர்களின் நிலத்தை அழகாக்கித் தருவது வேலை. வாடிக்கையாளரைப் பிடிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். இருக்கிற நிலத்தை வண்ணத்தில் வரைவார். அதன்மேல் ஒரு காகித மடிப்பை ஒட்டுவார். மடிப்பு மூடியிருந்தால் இப்போதைய நிலம். மடிப்பைத் தூக்கினால் அவர் செய்து தரப்போகிற நிலம்: ஏரி, தோப்பு, மேய்கிற மாடு. இப்படிப்பட்ட படங்களைச் சிவப்புத் தோல் அட்டை போட்டுப் புத்தகமாகக் கட்டிக் கொடுப்பார். அதனால் 'சிவப்புப் புத்தகங்கள்' என்றே பெயர் வந்தது. இன்று கைபேசியில் விரலால் கோட்டை இழுத்து முன்பு, பின்பு பார்க்கிறோமே, அது ரெப்டன் ஒட்டிய காகிதத்தின் பேரப்பிள்ளை.

பல பேர் புத்தகத்தை வாங்கி வரவேற்பறையில் வைத்து விருந்தாளிக்குக் காட்டியதோடு சரி, தோட்டம் போடவே இல்லை. தாளில் வரைந்த மரம் அப்படியே மண்ணிலும் வளர்ந்துவிடும் என்று பணக்காரர்கள் நம்பிவிடுகிறார்களே என்று அப்போதே நொந்துகொண்டவர்களும் இருந்தார்கள்.

ரெப்டன் 1816-ல் வெளியிட்ட நூல் ஒன்றில் எசெக்ஸில் இருந்த தன் சொந்த வீட்டின் முன்பக்கத்தையே முன்பு, பின்பு என்று வரைந்து காட்டியிருக்கிறார். முன்பு படத்தில் வேலியோரம் அங்கம் இழந்த ஒரு பிச்சைக்காரர் நிற்கிறார். எதிரே இறைச்சிக் கடை, கொக்கியில் இறைச்சி தொங்குகிறது. மடிப்பைத் தூக்கினால் வேலி தள்ளிப் போயிருக்கிறது, ரோஜாச் செடிகள் கடையை மறைத்துவிட்டன. பிச்சைக்காரரைக் காணோம். அவர் எங்கே போனார் என்று படம் சொல்லாது. நெப்போலியனோடு நடந்த போர் முடிந்து, கை கால் போன சிப்பாய்கள் தெருவில் நின்ற காலம் அது. பின்பு படம் அழகாக இருப்பதற்கு அவர் அங்கே இல்லாமல் போகவேண்டியிருந்தது. இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

1839-ல் புகைப்படம் வந்தது. ஓவியர் கற்பனையாக வரையலாம், கேமரா பொய் சொல்லாது என்று உலகம் நம்பியது. கேமரா எவ்வளவு சீக்கிரம் கற்பனையைக் கற்றுக்கொண்டது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. லின்னேயஸ் டிரைப் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி 1856-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1858-ல் அவர் வெளியிட்ட தொகுப்புகளில் மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, ஸ்ரீரங்கம் எல்லாம் உண்டு. அவற்றோடு சேலம் மாவட்டத்து ராயக்கோட்டைக்கும் ஒரு தனித் தொகுப்பு உண்டு. ஆமாம், நம் ராயக்கோட்டைதான். இன்று தக்காளி லாரிக்குப் பெயர்போன ஊர். 1791-ல் திப்புவின் படையிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டை. 1792-ல் டேனியல்கள் என்ற ஓவியர்கள், சித்தப்பாவும் அண்ணன் மகனும், அந்த வழியாகப் போனபோது வரைந்த மலை. டிரைப் அங்கே கேமராவைக் கொண்டுபோனார்.

அந்தக் காலத்து நெகட்டிவ் நீல நிறத்துக்கு அளவுக்கு மீறி மசியும். அதனால் வானம் வெறும் வெள்ளையாக விழும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? தூரிகை எடுத்து நெகட்டிவின்மேலேயே மேகம் தீட்டுவார். மர இலைகளையும் அங்கங்கே சரிசெய்வார். பர்மாவிலும் தென்னிந்தியாவிலும் அவர் எடுத்த பல படங்களில் இந்தக் கைவேலை இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. கண் பார்த்த மேகத்தைக் கருவி பிடிக்கவில்லை, கையால் போட்டார், அவ்வளவுதான். ஆனால் 'எடிட் பண்ணாத படம்' என்று ஒரு பொற்காலம் இருந்ததாக நினைக்கிறோம் அல்லவா, அது இல்லவே இல்லை.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. முன்பு – பின்பு படத்தைப் பெரிய அளவில் பணம் திரட்டப் பயன்படுத்தியது சோப்புக் கம்பெனியும் இல்லை, மருந்துக் கம்பெனியும் இல்லை. அனாதை இல்லமும் பள்ளிக்கூடமும்தான். ஆசிரியன் என்பதால் எனக்கு இது கொஞ்சம் உறைக்கிறது.

லண்டனில் தாமஸ் பர்னார்டோ என்பவர் 1870-ல் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் தொடங்கினார். 1874-லிருந்து உள்ளே வருகிற பிள்ளைகளைப் படம் எடுக்க ஏற்பாடு செய்தார். கந்தலோடு வந்த பையன் ஒரு படம், சுத்தமான சட்டையோடு தச்சு வேலை பழகுகிற அதே பையன் இன்னொரு படம். இரண்டையும் அட்டையில் அச்சடித்து, 20 அட்டை 5 ஷில்லிங் என்று விற்றார். நன்கொடை குவிந்தது. பிறகு புகார் வந்தது: சில பிள்ளைகளின் துணியை வேண்டுமென்றே கிழித்துவிட்டுப் படம் எடுத்தார்கள், முன்பும் பின்பும் ஒரே நாளில் எடுக்கப்பட்டவை என்று. 1877-ல் நடுவர் விசாரணை நடந்தது. மற்ற குற்றச்சாட்டுகள் பலவற்றிலிருந்து பர்னார்டோ தப்பினார். படங்களைப் பற்றி மட்டும் நடுவர்கள் கண்டித்தார்கள், இது கலைக் கற்பனை, தர்ம காரியத்துக்கு ஆகாது என்று. அந்த ஜோடி அட்டைகள் அதோடு நின்றன. இதில் வேதனை என்னவென்றால், அவர் செய்த வேலை உண்மையானது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறும் கூரையும் தொழிலும் கிடைத்தன. இருக்கிற உண்மை போதாது என்று நினைத்து அதன்மேல் ஒரு கிழிசல் சேர்த்தார், அந்தக் கிழிசல்தான் அவரைக் கூண்டில் ஏற்றியது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம் கார்லைல் ஊரில் 1879-ல் ரிச்சர்ட் பிராட் என்ற ராணுவ அதிகாரி பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு உண்டு உறைவிடப் பள்ளி தொடங்கினார். பிள்ளைகள் வந்து இறங்கியதும் உள்ளூர்ப் புகைப்படக்காரர் சோட் என்பவர் படம் எடுப்பார். சில மாதமோ வருடமோ கழித்து முடியை வெட்டி, கோட்டு மாட்டி, இன்னொரு படம். அவற்றில் புகழ்பெற்றது டாம் டார்லினோ என்ற நவஹோ இளைஞரின் ஜோடி. 1882-ல் நீண்ட முடி, காதணி, கழுத்தில் மணி. 1885-ல் வகிடெடுத்த தலை, கோட்டு, டை. தோல் நிறமே வெளுத்திருக்கிறது! மூன்று வருடப் படிப்பில் தோல் எப்படி வெளுக்கும்? வெளிச்சம் போட்ட விதத்தில் செய்தது அது. அந்த ஜோடியைக் காட்டி அரசிடமும் தனவான்களிடமும் பணம் வாங்கினார்கள். அந்தப் பள்ளி வளாகத்து இடுகாட்டில் 180-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் புதைத்திருக்கிறார்கள். பள்ளி 1918-ல் மூடப்பட்டது. 2017-லிருந்துதான் அந்த எலும்புகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து அவரவர் குடும்பத்திடம் கொடுத்து வருகிறார்கள். முன்பு ஒன்று, பின்பு ஒன்று என்று இருந்த படங்களுக்கு மூன்றாவதாக வந்தது இது.

பள்ளிக்கூட விளம்பரம் என்றால் நமக்கும் கொஞ்சம் கூச்சம் வேண்டும். நீட் ரிசல்ட் வந்த மறுநாள் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். ஒரே பிள்ளையின் முகம் இரண்டு மூன்று பயிற்சி மையத்தின் பலகையில் சிரிக்கும். அங்கெல்லாம் பின்பு மட்டும்தான், முன்பு படமே கிடையாது.

தோல் வெளுப்பு விஷயத்தில் நம் நாட்டுக் கதை உங்களுக்கே தெரியும். 1880-களில் பியர்ஸ் சோப்பு விளம்பரத்தில் கறுப்புக் குழந்தையைத் தொட்டியில் உட்காரவைத்துக் கழுவினால் வெள்ளையாக எழுந்துவருகிற மாதிரி வரைந்தார்கள். 1975-ல் இங்கே ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. அதோடு அந்த இரட்டை முகப் படமும் வந்தது, ஒரே பெண்ணின் முகம் கருமையிலிருந்து படிப்படியாக வெளுக்கிற படம். என் வகுப்புப் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த அட்டையில் தன் கன்னத்தை ஒட்டவைத்துப் பார்த்திருப்பார்கள்! 2014-ல் விளம்பரத் தர மன்றம், நிறம் கறுத்தவரைத் தாழ்வாகக் காட்டக்கூடாது என்று விதி போட்டது. 2020-ல் கிரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' போனது.

இதே மாவட்டத்தில் இன்னொரு கறையும் உண்டு. ஃப்ளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் வருகிற பழுப்பு. எந்தப் பற்பசையின் பின்பு படமும் அதைப் போக்காது. குடிக்கிற தண்ணீரை மாற்றினால்தான் அடுத்த தலைமுறையின் பல் வெளுக்கும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது அதற்குத்தான். நல்ல பின்பு படம் என்றால் அதைச் சொல்வேன், அதை யாரும் ரீல்ஸ் போடவில்லை.

சரி, காருக்கு வருகிறேன். கார் பாலிஷ் வியாபாரத்தின் ஆதிக் கதை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். 1940-களில் சிகாகோவில் பென் ஹிர்ஷ் என்பவர் சொந்தமாகக் கார் பாலிஷ் காய்ச்சினார். வீட்டுக் குளியல் தொட்டியில்தான் கலக்குவாராம். விளம்பரத்துக்குக் காசு இல்லை. நிறுத்தியிருக்கிற கார்களுக்குப் பக்கத்தில் போய், ஒரு மட்கார்டை மட்டும் பளபளவென்று தேய்த்துவிட்டுக் காத்திருப்பாராம். சொந்தக்காரர் வந்து பார்த்தால் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி, மறுபக்கம் மங்கல். பாட்டிலை வாங்காமல் என்ன செய்வார்? டர்ட்டில் வாக்ஸ் என்ற கம்பெனி இப்படித்தான் வளர்ந்தது என்று சொல்வார்கள். இதில் கேமராவே இல்லை. முன்பும் பின்பும் ஒரே வண்டியில், ஒரே வெயிலில், சொந்தக்காரர் கண்முன்னால்.

நம் ஊர்களில் ஈயம் பூசுகிறவர்கள் செய்ததும் இதுதானே! தெருமுனையில் துருத்தி வைத்து உட்காருவார். முதலில் ஒரு பித்தளைக் குண்டாவைப் பாதிவரை பூசி எடுத்துக் காட்டுவார். அப்புறம்தான் பெண்கள் வீட்டுக்குள் போய்ப் பாத்திரத்தைக் கொண்டுவருவார்கள். இப்போதும் நல்ல டீடெய்லர்கள் பானெட்டின் நடுவே டேப் ஒட்டி ஒரு பாதி மட்டும் பாலிஷ் போட்டுப் படம் எடுக்கிறார்கள். நான் மதிக்கிற படம் அது ஒன்றுதான்.

மற்ற படங்களில் என்ன நடக்கிறது என்பதை ஓசூரிலேயே கடை வைத்திருக்கிற என் பழைய மாணவன் ஒருவன் உட்காரவைத்து விளக்கினான். வலைபோல் தெரிகிற நுண்கீறல், கூர்மையான ஒரே விளக்கிலோ நேர் வெயிலிலோதான் கண்ணுக்குப் படும். அதனால் முன்பு படத்தை வெயிலில் எடுப்பது, பின்பு படத்தை நிழலில் எடுப்பது. கீறல் அங்கேயேதான் இருக்கும், நிழலில் தெரியாது. இன்னொன்று, ஈரம். கிரானைட் வியாபாரிகளுக்கு இது பழைய வித்தை. பாலிஷ் போடாத கல்லில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் பாலிஷ் போட்ட நிறம் தெரியும். காரிலும் அப்படித்தான், நனைந்த வண்டி எல்லாமே புது வண்டி. மூன்றாவதாகக் கீறலுக்குள் போய் அடைத்துக்கொள்கிற ஒரு களிம்பு. நாலைந்து தடவை கழுவியதும் அது போய்விடும், கீறல் திரும்பி வந்து உட்காரும். "படத்துக்குத் தேதி போட்டா பாதிப் பேர் மாட்டிக்குவாங்க சார்" என்றான்.

டீடெய்லிங் வேறு, வாட்டர் சர்வீஸ் வேறு என்று சொன்னேனே, அதன் காரணமும் அவன் சொன்னதுதான். கார் பெயிண்டின் மொத்தத் தடிமன் சுமார் 100 முதல் 150 மைக்ரான். நம் தலைமுடியின் கனம் 70 மைக்ரான் அளவு இருக்கும், அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அதில் மேலே கண்ணாடி மாதிரி இருக்கிற 'கிளியர் கோட்' 40, 50 மைக்ரான்தான். கீறலை உண்மையிலேயே போக்கவேண்டும் என்றால் அந்த மேல்தோலையே இரண்டொரு மைக்ரான் சீவவேண்டும். வருடா வருடம் 'ஆஃப்டர்' ஆசையில் சீவிக்கொண்டே போனால் ஒருநாள் வண்டி அங்கங்கே வெளிறிப்போகும். தெரிந்தவன் முதலில் தடிமன் அளக்கிற கருவியை வைத்துப் பார்த்து, "இதுக்கு மேல வேண்டாம் அண்ணா" என்று சொல்லித் திருப்பி அனுப்புவான். திருப்பி அனுப்பிய வண்டிக்குப் பின்பு படம் கிடையாது.

இதெல்லாம் பாலிஷ் சமாசாரம், போனால் நாலாயிரமோ பத்தாயிரமோ என்று விட்டுவிடலாம். விடமுடியாத ஒன்றை எங்கள் தெருவில் பார்த்தேன். சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிற ஒரு தம்பி, பெங்களூர்ப் பக்கமிருந்து பழைய கார் ஒன்றை வாங்கினார். அப்பாவுக்கு டயாலிசிஸ், வாரம் இரண்டு முறை கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப்போக வண்டி வேண்டும். கைபேசியில் வந்த படங்களைப் பார்த்துத்தான் மனம் ஒப்பினார். அவ்வளவு அழகான படங்கள், உட்புறம் ஷாம்பு போட்டு மணக்க மணக்க. வாங்கிய மூன்றாம் மாதம் மழையில் வண்டி நடுரோட்டில் நின்றது, உள்ளே அப்பா. எலக்ட்ரீஷியன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் காட்டினார். நுனியில் காய்ந்த சேற்றுக் கோடு. சீட்டுக்கு அடியில் இரும்புத் தண்டவாளம் முழுக்கத் துரு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2022 செப்டம்பரில் பெங்களூர் வெளிவட்டச் சாலைப் பக்கமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் எத்தனை கார்கள் மிதந்தன என்பதை டி.வி.யில் பார்த்தோம். அவையெல்லாம் எங்கே போயின என்று நாம் கேட்கவில்லை. ரெப்டன் வீட்டு வேலியோரம் நின்றவரைப் போல, அந்த வண்டியின் உண்மையான முன்பு படத்தை யாரோ மடிப்புக்கு அடியில் வைத்து ஒட்டிவிட்டார்கள். தம்பி இன்னும் மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். அப்பாவை ஆட்டோவில் கூட்டிப்போகிறார்.

சட்டம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பத் திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். தம்பியைச் சொல்ல வைத்திருக்கிறேன். கூடவே நுகர்வோர் ஆணையத்துக்கு மனுவும் எழுதிக் கொடுத்தேன். விற்றவர் அனுப்பிய படங்கள் எல்லாம் கைபேசியில் தேதியோடு இருக்கின்றன, அவற்றையே இணைப்பாக வைத்திருக்கிறோம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள், ஸ்டெப்னி இருக்கிற குழியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், காலையில் வண்டி காய்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அந்த எண்ணுக்குப் பழைய கிளெய்ம் உண்டா என்றும் விசாரியுங்கள்.

என் மாணவன் கடையில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறான். ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று படம். கடைக்குள் தரையில் மஞ்சள் பெயிண்டால் கட்டம் போட்டு, வண்டி அதே இடத்தில், அதே விளக்கில், துடைத்துக் காய்ந்த பிறகு. வந்த அன்று ஒன்று, வேலை முடிந்த அன்று ஒன்று, ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளர் கழுவ வரும்போது ஒன்று. மூன்றாவது படத்தில் உப்புப் புள்ளி லேசாகத் திரும்பியிருக்கும். "இதைப் போட்டா யார் சார் வருவாங்க?" என்று அவன் மனைவி கேட்டார். போன மாதம் ஒரு வெள்ளை பொலிரோவின் மூன்று படத்தையும் சேர்த்துப் போட்டான். பக்கத்துக் கடைக்காரரின் ஜோடிப் படத்துக்கு 400 லைக். இவனுக்கு 31. ராயக்கோட்டையிலிருந்து ஒரு தக்காளி வியாபாரி போன் செய்து, கறையைப் பற்றித்தான் முதலில் விசாரித்தாராம். வெள்ளிக்கிழமை வண்டியைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.